பணியாரத்தின் கண்: 1,450 ரூபா சொட்டு மருந்தும் ஒரு மாட்டு டொக்டரும்

முதலில் ஆமைக் கண்ணுக்கென்று விற்கிற சொட்டு மருந்து. வாங்காதீர்கள். மட்டக்களப்பு டவுனில் மீன் தொட்டி விற்கிற ஒரு கடையில் 1,450 ரூபா கொடுத்தேன். சுண்டுவிரல் உயரப் போத்தல், மேலே சிரிக்கிற ஆமைப் படம். உள்ளே என்ன மருந்து என்று தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. பதினொரு நாள் விட்டோம். பணியாரம் கண்ணைத் திறக்கவே இல்லை.

பணியாரம் என் மகளுடைய ஆமை. கன்னத்தில் குங்குமம் இழுத்த மாதிரிக் கோடு போட்ட சிவப்புக் காது ஆமை. போன வருஷம் அதே கடையில் வாங்கியது, அப்போது நெருப்புப் பெட்டி அளவு. "இதுதான் சாப்பாடு" என்று ஒரு டப்பா காய்ந்த இறாலும் தந்தார்கள். அம்மா திறந்து மணந்து பார்த்துவிட்டு, "இது கூனிதானே புள்ள, சந்தையில அள்ளித் தருவானுகளே" என்றா. ஒரு வருஷமாக அதைத் தவிர வேறொன்றும் போடவில்லை.

கண் ஒரே நாளில் வீங்கவில்லை. முதலில் இமை கொஞ்சம் தடித்தது. மறுகா ரெண்டு கண்ணும் அவித்த கடலை போல உப்பி மூடிக்கொண்டன. முன்காலால் தேய்த்துக்கொண்டே இருக்கும். கண் தெரியாததால் சாப்பாடும் நின்றுபோனது. இறால் மூக்கில் முட்டினால்கூடத் தலையை உள்ளே இழுத்துவிடும்.

கடைசியில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு, களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த மனிசி எட்டிப் பார்த்து, "என்ன கா தங்கச்சி, கறிக்கா?" என்றா. மகள் அழாத குறை.

போனது டவுனில் உள்ள ஒரு தனியார் மிருக வைத்தியரிடம். மாடு, நாய், பூனைதான் அங்கே கூட்டம். ரெண்டு மணித்தியாலம் காத்திருந்தோம், உட்கார வாங்கு ஒன்றுதான். டொக்டர் முதலில் கேட்டது, "இது எந்த ஆமை?" நட்சத்திர ஆமையோ பாலாமையோ என்றால் வீட்டில் வைத்திருப்பதே குற்றமாம். மறுகா சமையல் தராசு போன்ற ஒன்றில் நிறுத்தார், 186 கிராம். "என்ன தின்னக் கொடுக்கிறீங்க?" சொன்னேன். "கண்ணில இல்ல தங்கச்சி வருத்தம், டப்பாவில" என்றார்.

விற்றமின் ஏ குறைந்தால் கண்ணீர் சுரப்பியின் உள்தோல் தடித்து வழி அடைபடும், அதனால்தான் இமை வீங்குகிறது என்றார். சேலைன் விட்டுக் கழுவி, பஞ்சுக் குச்சியால் இமையை மெல்லத் தூக்கினார். உள்ளே இருந்து வந்தது சீழ் மாதிரி ஓடவில்லை, பாற்கட்டி போலத் துண்டாக வந்தது. ஆமைக்குச் சீழ் அப்படித்தான் கட்டியாகுமாம். மேலே எத்தனை சொட்டு விட்டு என்ன!

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: தனக்கு ஆமை அதிகம் பழக்கமில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவருக்குப் போன் எடுத்து அளவு கேட்டுத்தான் விற்றமின் ஏ ஊசி போட்டார். "இன்னொண்டு போட்டால் கெதியா மாறாதா டொக்டர்?" என்றேன். விற்றமின் ஏ கூடினால் தோல் உரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். கண்ணுக்குப் பூசக் களிம்பு எழுதினார், சாதாரண பார்மசியில் கிடைத்தது. பூசி அரை மணித்தியாலம் தண்ணியில் விடக்கூடாது. எல்லாமாக 2,300 ரூபா. பில் தரவில்லை, அது ஒரு குறை. ஞாயிறு பூட்டு.

இப்போது சாப்பாடு கங்குன் கீரை, துருவிய கரட், பூசணி, கிழமைக்கு ஒரு தரம் நகக்கண் அளவு ஈரல். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதும் என்று நினைத்திருந்தேன். வெயிலில் ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி மறித்துவிடுமாம். பணியாரம் இருக்கிற பேசினைக் காலையில் பாதி நிழலாக முற்றத்தில் வைக்கிறோம், காகம் வராமல் அம்மா காவல். குழாய்த் தண்ணியை ஒரு இரவு வாளியில் விட்டுத்தான் ஊற்றுகிறோம்.

ஒன்பதாம் நாள் இடது கண் கீறல் அளவு திறந்தது. மூன்றாம் கிழமை ரெண்டு கண்ணும். முதல் வேலையாக மகளின் விரலைக் கடித்தது.

டொக்டருக்கு ஐந்தில் நாலரை. சொட்டு மருந்துக்குப் பூச்சியம். கூனி டப்பாவில் பாதி மிச்சம் கிடக்கிறது. சம்பல் போடவா என்று அம்மா ரெண்டு தரம் கேட்டுவிட்டா.