தொழிலை விட்டுச் சம்பளத்துக்கு மாறிய ஆண்டில்: வருமான வரி விவரத்திரட்டை நீங்களே நிரப்புவதா, கணக்காளரிடம் கொடுப்பதா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கணினி திருத்தும் கடை நடத்திய ஒருவர் 2025 ஒக்டோபரில் சம்பள வேலைக்குச் சேர்ந்தார் என்று கொள்வோம். ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டின் முதல் ஆறு மாதங்களில் கடை இலாபம் 12 இலட்சம் ரூபா. பின்னர் மாதச் சம்பளம் 2 இலட்சம். தொழில்தருநர் மாதம் 1,50,000 ரூபாவை விலக்கி, எஞ்சிய 50,000க்கு 6 வீதப்படி 3,000 ரூபா வீதம், மார்ச் வரை 18,000 ரூபா கழித்திருப்பார். ஆனால் மொத்த வருமானமான 24 இலட்சத்திலிருந்து தனிநபர் நிவாரணம் (வரி அறவிடப்படாத பகுதி) 18 இலட்சத்தைக் கழித்தால், எஞ்சும் 6 இலட்சத்துக்கு அதே 6 வீதப்படி வரி 36,000 ரூபா ஆகிறது. ஆகவே, தவணையாக எதுவும் கட்டாதவர் மீதி 18,000 ரூபாவை 2026 செப்டெம்பர் 30க்குள் செலுத்தி, விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

விற்பனைச் சிட்டைகளும் செலவுப் பற்றுச்சீட்டுகளும் ஒழுங்காக இருந்தால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இதைத் தாமே நிரப்பலாம். தொழில்தருநர் தரும் வரிக் கழிப்புச் சான்றிதழை மட்டும் மறவாமல் கேட்டு வாங்க வேண்டும். இவ்வழியில் கணக்காளர் கட்டணம் மிஞ்சுவதோடு, தம் வரி எவ்வாறு உருவாகிறது என்பதும் விளங்கும். இதனை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

எனினும், கடையின் உபகரணங்களை விற்றிருந்தாலோ, வரவேண்டிய கடன்கள் நிலுவையில் இருந்தாலோ, அந்த ஓராண்டுக்கு மட்டுமாவது கணக்காளரை நாடுவதே நல்லது. அப்போதும் விவரத்திரட்டுக்கான பொறுப்பு உங்களுடையதே என்பதால், சமர்ப்பிக்குமுன் ஒவ்வொரு தொகையையும் வாசித்துப் பாருங்கள்.