வீசுவதா, இழுப்பதா, எறிவதா, நடுவதா?

இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று வன்னியில் எந்தக் குளத்தின் கீழ் போய்க் கேட்டாலும் நெல் போடும் முறைக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வீசி விதைப்பு. இலங்கை முழுவதிலும் நெற்காணியின் மிகப் பெரும் பங்கு அப்படித்தான் விதைக்கப்படுகிறது. செயல்விளக்க வயல்களுக்குப் போனால் வேறு மூன்றைக் காட்டுவார்கள். முளைநெல்லை வரிசையாகப் போடும் டிரம் சீடர், தட்டில் வளர்த்த நாற்றை எறியும் பரசூட் முறை, நாற்று நடும் மிசின். விதைநெல் மிச்சம், விளைச்சல் கூடுதல் என்ற இரண்டு கணக்கில்தான் வழக்கமாக இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, விதைத்து இருபது நாளைக்கு வயல் தண்ணீர் யார் கையில் இருக்கப்போகிறது என்பதை. அதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தெரிவு முடிந்தது.

விதைநெல் கணக்கை முதலில் முடித்துவிடலாம். வீசி விதைக்க ஏக்கருக்கு 2 புசல், அதாவது ஏறக்குறைய 42 கிலோ போதும் என்பதுதான் விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு. எங்கள் ஆட்கள் 3 புசல், சிலர் அதற்கும் மேல் போடுவார்கள். மழை அடித்துக்கொண்டு போனால், மயில் பொறுக்கினால் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்ல மாட்டேன். பரசூட் முறைக்கு ஏக்கருக்கு 12 கிலோ அளவில் போதும். முப்பது கிலோ மிச்சம் நல்லதுதான். ஆனால் இரண்டு நாள் கூலி அதை விழுங்கிவிடும்.

வீசி விதைப்பு ஏன் அசையாமல் நிற்கிறது? வன்னியின் காலபோகத்தில், அதாவது மாரிமழைப் போகத்தில், பெரும் பகுதி மானாவாரி, அல்லது குளம் நிரம்பும் முன்னரே மழையை நம்பித் தொடங்குவது. புரட்டாசி, ஐப்பசியில் மண்ணைப் புழுதியாக்கி விதையை வீசி, மேலால் ஒரு உழவு உழுது மூடிவிட்டால் வாடைமழை வரும்போது நெல் தானே முளைக்கும். எங்கள் மேட்டுச் செம்மண் காய்ந்தால் கல்லாகும், பள்ளக்காணி நனைந்தால் மிசினை இறக்க முடியாது. நடுவில் கிடைப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களுக்குள் பத்து ஏக்கரை முடிக்க வீச்சுதான் தோது. மற்ற மூன்று முறைகளும் சேறடித்த வயலைக் கேட்பவை, புழுதியில் அவற்றுக்கு வேலை இல்லை. ஒப்பீட்டுத் தாள்களில் இந்த ஒரு வரியைக் காண்பது அரிது.

வீச்சின் கடன் பிறகு வரும், களையாக. நெல்லும் புல்லும் ஒரே நாளில் முளைப்பதால், நெல் சின்னதாக இருக்கும் வரை தண்ணீர் கட்டிப் புல்லை அமுக்க முடியாது. ஆகவே முழுப் பாரமும் களைநாசினி மேல் விழுகிறது. 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினிக்குத் தடை வந்தபோதும், 2021இல் இரசாயன உர, பயிர்மருந்து இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் இந்தச் சார்பு எவ்வளவு ஆழம் என்று தெரிந்தது. அதைவிடப் பெரிய தலையிடி களைநெல். அதுவும் நெல் இனமே என்பதால் நெல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்ல நம்மிடம் மருந்து இல்லை. அறுவடைக்கு முன்னரே மணி உதிர்ந்து மண்ணுக்குள் போய்விடும், மிச்சத்தை வெட்டு மிசின் அடுத்தவன் வயலுக்குக் காவிக்கொண்டு போகும்.

டிரம் சீடர் இந்தச் சிக்கலுக்கு மலிவான பதில். துளைகள் கொண்ட பிளாஸ்டிக் உருளைகள் ஒரு அச்சில், இரண்டு பக்கமும் சில்லு, முன்னால் ஒரு ஆள் இழுக்கலாம். 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் வரிசை விழும். வரிசை இருந்தால் உருட்டுக் களைகருவியை இடையால் ஓட்டலாம். இதன் உண்மையான பயன் அதுதான். களைகருவி கையில் இல்லாதவர் டிரம் சீடர் வாங்குவது அரைவேலை.

இழுத்தவர்களுக்குத் தெரியும், விதையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் மூடி முளைகட்டும்போது முளை வெள்ளைப் புள்ளியாகத் தலைகாட்டியதும் எடுத்துவிட வேண்டும். அரை நாள் பிந்தினால் வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், துளை அடைக்கும், வயலில் ஒரு வரிசை மொட்டையாகப் போகும். உருளையை வாய்முட்ட நிரப்பினாலும் இதே கதை. வயலில் தண்ணீர் வடிந்து மினுக்கம் மட்டும் இருக்க வேண்டும், சேறும் ஒரு நாளாவது படிந்திருக்க வேண்டும். விதைத்த அன்றிரவு கார்த்திகை மழை கொட்டினால் வரிசை எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். மயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும்: வரிசையாக மேலே கிடக்கும் முளைநெல் அதற்கு வாழையிலையில் பரிமாறிய சோறு. வாய்க்கால் தண்ணீரை நாமே திறந்து பூட்டும் சிறுபோகத்துக்குத்தான், அதாவது கோடைப் போகத்துக்குத்தான், டிரம் சீடர் பொருத்தம். இரணைமடுவின் கீழ் சிறுபோகத்தில் தண்ணீர் இருப்பைப் பார்த்துக் காணியின் ஒரு பங்குக்குத்தான் கமக்காரரின் போகக் கூட்டத்தில் அனுமதி கிடைக்கும் என்பதால், ஒருவர் செய்யும் பரப்பும் ஒரு சோடி ஆட்கள் இழுக்கக்கூடிய அளவுக்குள் அடங்கிவிடும்.

பரசூட் முறையை விளையாட்டாக நினைத்தவர்கள் களைநெல் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். தட்டு ஒன்றில் 434 குழி, ஏக்கருக்கு ஏறக்குறைய 300 தட்டு. இரண்டு கிழமை வயதில் நாற்றை மண்கட்டியோடு உருவி, வரம்பில் நின்றோ வயலுக்குள் நடந்தோ மேல்நோக்கி எறிந்தால் வேர்ப்பாரம் கீழே இழுத்து நிமிர்ந்து குத்தும். நாற்று ஏற்கனவே வளர்ந்திருப்பதால் சில நாளிலேயே தண்ணீர் கட்டலாம். தண்ணீருக்கு அடியில் களைநெல்லும் புல்லும் முளைக்கத் திணறும். மருந்தால் முடியாததைத் தண்ணீர் செய்கிறது. களைநெல் நிரம்பிய துண்டுக்கும், விதைநெல் உற்பத்திக்கும் நான் இதைத்தான் சொல்வேன், தயக்கமில்லாமல்.

கஷ்டம் எறிவதில் இல்லை, தட்டு நிரப்புவதில். சேற்றை ஊற்றிய பிறகு மேற்பரப்பை மட்டப்பலகையால் வழித்து, குழிகளுக்கு இடையிலுள்ள விளிம்பு தெரியும்வரை துடைக்க வேண்டும். அதைச் சோம்பல்பட்டு விட்டால் பக்கத்துக் குழி வேர்கள் மேலால் கைகோத்துக்கொள்ளும். உருவும்போது கொத்தாக வரும், எறிந்தால் கொத்தாகவே விழும். முந்நூறு தட்டை இப்படித் துடைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், அந்த உழைப்பு எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதோடு, நாற்று சிதறி விழுவதால் வரிசை கிடையாது, களைகருவி ஓடாது. மட்டமில்லாத வயலில் தண்ணீர் ஒரு பக்கம் நிற்காவிட்டால் முழு நோக்கமும் கெட்டுவிடும்.

நாற்று நடும் மிசின் பார்க்க அழகு. பாய்போல் வளர்த்த நாற்றை ஏற்றினால் ஒரு நாளில் மூன்று நான்கு ஏக்கர் நட்டுவிடும், வரிசையும் உண்டு, தண்ணீரும் கட்டலாம். ஆனாலும் தனி ஒருவர் வாங்க வேண்டிய பொருள் இல்லை. போகத்தில் சில கிழமைதான் ஓடும், மிச்ச மாதங்கள் கொட்டிலில் நிற்கும். ஒரு பாகம் உடைந்தால் அது கொழும்பிலிருந்து வரும்வரை நாற்று காத்திராது, வயது ஏறி முற்றிவிடும். பள்ளக்காணிச் சேற்றில் புதையும். கமக்காரர் அமைப்பு ஒன்று, ஒரே வாய்க்காலில் உள்ள காணிகளுக்கு நாள் குறித்து, நாற்றங்காலையும் தானே போட்டு வாடகைக்கு ஓட்டினால் சரிவரும். நாற்றை ஆளுக்காள் போட்டால் பாய் சேராமல் பிய்ந்து, மிசின் வெறும் சேற்றைக் குத்திக்கொண்டு போகும்.

இந்த நாலும் போக, காலபோகத்துக்கு வேண்டியது ஐந்தாவது ஒன்று: நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி, புழுதியில் வரிசையாக விதைக்கும் கருவி. வேறு நாடுகளில் இது சாதாரணம். இங்கே அதை அப்படியே இறக்கினால் மூன்று இடத்தில் இடிக்கும். போன போக வைக்கோல் கொழுவில் சிக்கும், வரம்புக்கு வரம்பு சின்னத் துண்டில் திருப்ப இடமில்லை, ஆழம் கூடினால் முதல் மழைக்கு இறுகும் மண்ணுக்குள் முளை செத்துவிடும். மூன்றும் பொறியியல் வேலைகள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இரணைமடு வயலும் தூரமில்லை. கொழுவின் ஆழத்தை மூன்று சென்ரிமீற்றருக்குள் நிறுத்தும் ஒரு சின்னச் சில்லு, வைக்கோலை விலக்க முன்னால் ஒரு தட்டு என்று தொடங்கலாம். சோதிப்பதாயிருந்தால் மட்டம் பார்த்த பரிசோதனைத் துண்டில் வேண்டாம், புரட்டாசியில் ஒரு மானாவாரிக் காணியில் ஓட்டிப் பார்க்கட்டும்.