ஒன்டாரியோவா, கலிபோர்னியாவா: பினாங்கிலிருந்து நாங்கள் இருவர் போட்ட கணக்கு

2024 தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில், பால்குடம் செலுத்திவிட்டுக் கால் கொதிக்க உட்கார்ந்திருந்தபோது, பிள்ளை பெற்றுக்கொள்வது என்று நானும் என் இணையரும் முடிவு செய்தோம். எந்த நாட்டில் என்று முடிவு செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எங்கள் குழந்தை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இன்னொரு பெண்ணின் வயிற்றில் இருபத்திரண்டு வாரமாக வளர்கிறது. எங்களைப் போன்ற இரண்டு பெண்கள் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு கர்ப்பப்பை இருக்கும் வீட்டில் வாடகைத்தாய் எதற்கு என்று பலர் கேட்டுவிட்டார்கள். என் இணையருக்கு 34 வயதில் கட்டி காரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்; சினைப்பை இருக்கிறது. எனக்குச் சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருக்கிறது, கர்ப்பம் வேண்டவே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே அவள் கருமுட்டை, நன்கொடை விந்து, மூன்றாவதாகச் சுமக்க ஒருவர்.

மலேசியாவில் இதற்கு வழியில்லை. வாடகைத்தாய் முறைக்கென்று இங்கே தனிச் சட்டம் கிடையாது. செயற்கைக் கருத்தரிப்பு சட்டப்படி மணந்த தம்பதிக்குத்தான் என்பது மலேசிய மருத்துவ மன்றத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி. வெளிநாட்டவர் விமானம் ஏறி வந்து சிகிச்சை செய்துகொள்ளும் பினாங்கிலேயே, முதல் விண்ணப்பப் பாரத்திலேயே எங்களிடம் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள்.

அக்கம்பக்க நாடுகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். என் அம்மா முதலில் சொன்னது சென்னையைத்தான். 2022 அக்டோபரில் நயன்தாரா, விக்னேஷ் சிவன் இரட்டைக் குழந்தைகள் செய்தி வந்ததிலிருந்து, இந்தியாவில் இது எளிது என்று இங்கே நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2015லேயே வெளிநாட்டவருக்குக் கதவு மூடியாயிற்று. 2021 சட்டத்துக்குப் பிறகு பணம் கொடுத்துச் செய்வதும் கூடாது, ஒருபால் இணையருக்கு இடமும் இல்லை. தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து இரண்டு பெண்கள் மணக்கலாம். ஆனால் 2015 சட்டம் வெளிநாட்டவர் வாடகைத்தாய் தேடி வருவதைத் தடுத்துவிட்டது. கம்போடியா 2016ல் தடை செய்தது, அதன்பின் கர்ப்பிணிகளையே கைது செய்து வழக்குப் போட்டது. நமக்குப் பிள்ளை வேண்டும் என்பதற்காக ஒரு ஏழைப் பெண்ணைச் சிறை வாசலில் நிறுத்த முடியாது. ஜார்ஜியா, உக்ரைன் இரண்டும் ஆண்-பெண் தம்பதிக்கு மட்டும். கொலம்பியா விலை குறைவு, ஒருபால் இணையரையும் ஏற்கிறார்கள். ஆனால் அங்கே வசிக்காத வெளிநாட்டவரின் குழந்தைக்குப் பிறந்ததாலேயே குடியுரிமை கிடைக்காது. அந்த ஒரு வரியிலேயே கொலம்பியாவை விட்டோம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், எங்கள் முடிவே அந்த இடத்தில்தான் நின்றது.

மிஞ்சியவை அமெரிக்காவும் கனடாவும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, நாங்கள் பார்த்தது கலிபோர்னியாவை மட்டும். கனடாவில் ஒன்டாரியோ.

கலிபோர்னியாவின் பலம் உறுதி. சுமப்பவரோடு போடும் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லும். குழந்தை பிறப்பதற்கு முன்பே, இந்த இருவர்தான் பெற்றோர் என்று நீதிபதியின் உத்தரவு வாங்கிவிடலாம். 1993லேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம், பிள்ளை வேண்டும் என்று எண்ணித் தொடங்கியவரே தாய் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அனுபவமுள்ள ஏஜென்சிகள் நிறைய, காத்திருப்பும் குறைவு. நாங்கள் நேரில் போய்ப் பார்க்கவில்லை, இரண்டு ஏஜென்சிகளோடு வீடியோவில் பேசியதுதான். பேசியவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது.

விலைதான் மூச்சை அடைத்தது. எல்லாம் சேர்த்து எங்களுக்குச் சொன்ன தொகை 180,000 அமெரிக்க டாலர், அன்றைய மாற்றில் கிட்டத்தட்ட 770,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). சுமப்பவரின் மருத்துவக் காப்பீடு வாடகைக் கர்ப்பத்தை விலக்கியிருந்தால் தனிக் காப்பீடு வாங்க வேண்டும். குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரம் இருந்தால் வரும் பில்லை நினைத்தாலே தூக்கம் போகும். ஒன்டாரியோவுக்கு எங்கள் மதிப்பீடு 95,000 கனடிய டாலர், ஏறக்குறைய 290,000 வெள்ளி. பட்டர்வொர்த்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் என் பங்கும், அவள் சேமிப்பும் சேர்ந்தால் எட்டக்கூடிய எண்.

கனடாவில் ஏன் குறைவு என்றால், அங்கே சுமப்பவருக்குக் கூலி கொடுப்பது குற்றம். 2004 சட்டப்படி ஐந்து லட்சம் டாலர் வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை. ‘வாடகைத்தாய்’ என்ற சொல்லே அந்த ஊருக்குப் பொருந்தாது. எங்கள் வீட்டில் இப்போது ‘சுமக்கிற அக்கா’ என்றுதான் சொல்கிறோம். கைச்செலவை மட்டும் ஈடு செய்யலாம், 2020ல் வந்த விதிகளின்படி ரசீதோடு. மாதக் கடைசியில் அவர் அனுப்பும் ரசீதுகளை நான் அடுக்குவேன்: மளிகை, மகப்பேறு உடை, மருத்துவமனைக்குக் கார் ஓட்டிய கிலோமீட்டர், அவர் பரிசோதனைக்குப் போன நேரத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்த பணம். போன மாதம் ஒரு ரசீதில் ஊறுகாய் பாட்டில் இரண்டு இருந்தது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் சமையலறையில் நின்று அழுதோம். நம் பிள்ளைக்கு மசக்கை.

அவருடைய பிரசவச் செலவை மாகாண மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. குழந்தையின் செலவு அப்படியல்ல. வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்தக் காப்பீடு கிடைக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது, மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது. தனியாக ஒரு தொகை எடுத்து வையுங்கள். காத்திருப்பும் நீளம்: கூலி இல்லாமல் முன்வருபவர்கள் குறைவு, எங்களுக்குப் பத்து மாதம் ஆனது. எங்களைவிடச் சீக்கிரம் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், இரண்டு வருடம் காத்தவர்களும் இருக்கிறார்கள்.

சரி, எங்களை உண்மையில் முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பிறந்த மறுநாள் குழந்தையின் கையில் என்ன காகிதம் இருக்கும்?

2008ல் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காக குஜராத்தில் வாடகைத்தாய் வயிற்றில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறப்பதற்குள் தம்பதி பிரிந்துவிட்டார்கள். தாய் யார் என்று இரண்டு நாட்டுச் சட்டமும் ஒத்துப்போகாமல், அந்தப் பிஞ்சு எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாமல் சில மாதம் கிடந்தது. அதைப் படித்த இரவிலிருந்து மற்ற எல்லாக் கணக்கும் பின்னால் போய்விட்டது.

நம் பக்கம் எப்படி என்று பாருங்கள். 1976 திருமணச் சட்டம், ஆணும் பெண்ணும் அல்லாத திருமணத்தைச் செல்லாது என்கிறது. டொராண்டோவில் மாலை மாற்றினாலும் இங்கே நாங்கள் இரண்டு தனி ஆள்தான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. ஆனால் காலங்காலமாக அந்த உரிமை தந்தை வழியாகத்தான் வந்தது. தாய் வழியாகவும் வரலாம் என்ற திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. வெளிநாட்டவரை மணந்த மலேசியப் பெண்களின் நீண்ட போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது, அவர்களுக்கு என் நன்றி. ஆனால் அந்தத் திருத்தம், இன்னொருத்தி பெற்றுக் கொடுத்த குழந்தைக்கு நீ தாயா என்ற கேள்வியை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. நாங்கள் பார்த்த வழக்கறிஞர் சொன்ன அறிவுரை இதுதான்: “கிடைச்சா நல்லது. ஆனா கிடைக்கும்னு வெச்சுத் திட்டம் போடாதீங்க.”

அப்படியானால், பிறக்கும் மண்ணே குழந்தைக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டும். கலிபோர்னியா, ஒன்டாரியோ இரண்டிலும் அது உண்டு. நாங்கள் கலிபோர்னியா பக்கம் சாய்ந்து, கடன் வாங்கலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், 2025 ஜனவரி 20ஆம் தேதி அமெரிக்க அதிபரின் ஆணை வந்தது: தற்காலிகமாக வந்த வெளிநாட்டுத் தாய்க்குப் பிறந்து, தந்தையும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று. அதில் தாய் யார், தந்தை யார் என்பதை உயிரியல் உறவை வைத்து எழுதியிருந்தார்கள். எங்கள் குழந்தையின் உயிரியல் தாய் பினாங்குக்காரி; தந்தை பெயர் தெரியாத நன்கொடையாளர். நீதிமன்றங்கள் உடனே தடுத்தன என்பது உண்மை. பல வழக்கறிஞர்கள், அங்கே பிறந்தவருக்குக் குடியுரிமை தரும் அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தைக் காட்டித் தைரியம் சொன்னார்கள். ஆனாலும் 770,000 வெள்ளியைக் கொட்டிவிட்டு, பிள்ளையின் நாடு எது என்று ஒரு வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒன்டாரியோவில் இன்னொன்றும் இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து அங்கே பெற்றோர் யார் என்பதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. கருத்தரிப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம், இரு தரப்புக்கும் தனித்தனி வழக்கறிஞர் ஆலோசனை, குழந்தை பிறந்து ஏழு நாள் கழிந்ததும் சுமந்தவரின் எழுத்து மூலச் சம்மதம். அவ்வளவுதான், பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று இரண்டு பெயரும் ஏறிவிடும். இரத்த உறவு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மணந்தீர்களா என்றும் கேட்பதில்லை.

இது எனக்கு எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடுகிறேன். குழந்தையில் என் இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. நாளை அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பினாங்கில் எந்த அலுவலகத்திலும் நான் அந்தப் பிள்ளைக்கு யாருமில்லை. அந்தக் காகிதத்தை நீட்டினால் இங்கே கதவு திறக்கும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் இரண்டு பேரும் உயில் எழுதி, பாதுகாவலராக ஒருவர் பெயரை மற்றவர் போட்டிருக்கிறோம். ஆனால் ஒரு நாட்டின் ஏட்டிலாவது நான் அதற்குத் தாய். அந்த நாட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் பிரிக்க முடியாது.

இதற்கான விலையையும் சொல்ல வேண்டும். ஒன்டாரியோவில் அந்த ஒப்பந்தத்தை வைத்து யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நம் எண்ணம் இதுதான் என்று காட்டும் சான்று, அவ்வளவே. ஏழு நாள் கழிந்து சுமந்தவர் எழுத்தில் சம்மதம் தரும்வரை எதுவும் முடிவல்ல. கலிபோர்னியாவில் இந்தப் பயம் இல்லை. என் இணையருக்கு அந்த ஏழு நாள் இன்னும் நெஞ்சில் முள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது: ஒன்பது மாதம் சுமந்தவருக்கு ஒரு வாரம் யோசிக்க உரிமை கொடுக்காத சட்டத்தைவிட, கொடுக்கிற சட்டத்தை நான் நம்புவேன். நீங்கள் அவள் பக்கம் என்றால், பணமும் இருந்தால், கலிபோர்னியாவை யோசிக்கலாம். அந்தக் குடியுரிமை வழக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு.

குழந்தை கனடியக் கடவுச்சீட்டோடு பினாங்கில் இறங்கும்போது அது ஒரு சுற்றுப்பயணி, 90 நாள். அதன்பின் நீண்டகால வருகை அனுமதி கேட்க வேண்டும், அங்கே மறுபடியும் உறவைக் காட்டச் சொல்வார்கள். அந்தக் கட்டத்தை நாங்கள் இன்னும் தாண்டவில்லை, தாண்டியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதினால் அது என் அனுபவம் ஆகாது. எங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அவள் தாதி (நர்ஸ்), கனடா 2023 முதல் மருத்துவத் துறையினரைத் தனிப் பிரிவாகக் குடியேற அழைக்கிறது, அவள் விண்ணப்பம் உள்ளே இருக்கிறது. பிள்ளை குடிமகனாக இருப்பதால் மட்டும் பெற்றோருக்கு அங்கே தங்க உரிமை வந்துவிடாது, இதை யாரும் தவறாக எண்ண வேண்டாம். போக நேர்ந்தால் நான் அதிகம் வருந்தப்போவது ஒன்றுக்குத்தான்: நான் படித்த தமிழ்ப்பள்ளியில் என் பிள்ளை படிக்காது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தா என்னம்மா, தமிழ்ல பேசினா போதும்” என்றார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு. அங்கே சனி இரவு எட்டு. அம்மா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வந்துவிடுவார். சுமக்கிற அக்கா திரையை வயிற்றுப் பக்கம் திருப்புவார், அம்மா “கண்ணு, சாப்பிட்டியா” என்பார், அம்மா என்ன சொன்னார் என்று அந்த அக்கா எங்களிடம் கேட்பார். இப்போது அந்த ஒரு வார்த்தை அந்த அக்காவுக்கே தெரியும், “சாப்டேன்” என்று பதில் சொல்கிறார்.

பினாங்கு குயின் ஸ்ட்ரீட்டில் கருப்பு அரைஞாண் கயிறு வாங்கி வைத்திருக்கிறார் அம்மா. என்றைக்குக் கட்டுவது என்று கேட்டார். சட்டப்படி ஏழு நாள் முடியட்டும் என்றேன். நாட்காட்டியில் பிரசவத் தேதிக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டி, எட்டாம் நாளுக்கு நேராகப் பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டார். தேதி முன்பின் ஆகலாம் என்பதால் பேனா வேண்டாம் என்றார்.