நியான்சாவின் பால் கடை: தன்னார்வலராக வருகிறவர்கள் முதல் வாரமே போக வேண்டிய இடம்

ருவாண்டாவின் தெற்கு மாகாணத்தில், தலைநகர் கிகாலியிலிருந்து ஹூயே போகிற சாலையில் இருக்கிறது நியான்சா. இங்கே தன்னார்வலராக வரப்போகிறீர்கள் என்றால் வீடு, கொசுவலை, தடுப்பூசி பற்றியெல்லாம் அனுப்புகிற அமைப்பே சொல்லிவிடும். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபிறகு யாரோடு உட்கார்ந்து பேசுவது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். என்னை அனுப்பிய அமைப்பும் சொல்லவில்லை, மொழிப் பயிற்சி என்று கொடுத்ததும் வணக்கம் சொல்லி விலை கேட்கிற அளவோடு நின்றுவிட்டது. அந்தக் குறையைத் தீர்த்தது சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிற ஒரு பால் கடை. பெயர்ப்பலகை கிடையாது, சுவரில் நீல வண்ணத்தில் ஒரு பால் குவளை வரைந்திருக்கும், வாசலில் திரைச்சீலை தொங்கும், அதுதான் அடையாளம்.

ருவாண்டா முழுக்க இப்படிப்பட்ட பால் கடைகள் உண்டு. நம்மூர் டீக்கடையில் நடக்கிற அரசியல் பேச்சு, கால்பந்துச் சண்டை, கல்யாணப் பேச்சு அத்தனையும் இங்கே பாலை வைத்து நடக்கிறது. ஒரே வித்தியாசம், தெருவில் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ சாப்பிடுவதை இந்த ஊரில் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். அதனால்தான் அந்தத் திரைச்சீலை. உள்ளே வந்து உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும், உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் இருக்க முடியாது.

இரண்டு வகைப் பால் உண்டு. காய்ச்சிய சூடான பால் இன்ஷ்யூஷ்யூ, புளிக்க வைத்த பால் இகிவுகுத்தோ. சூடான பாலில் புகை வாசனை லேசாக இருக்கும், சர்க்கரையோ தேனோ கேட்டால் தருவார்கள், நான் போடாமலே குடிப்பேன். ஆனால் இந்தக் கடைக்கு வருவதே இகிவுகுத்தோவுக்காகத்தான். நம் தயிரைவிடக் கொஞ்சம் தளர்வு, மோரைவிட நல்ல கெட்டி, புளிப்பு நாக்கைக் கடிக்காது, பெரிய குவளையில் விளிம்பு வரை ஊற்றி வைப்பார்கள். நியான்சா ஒரு காலத்தில் அரசர்கள் இருந்த ஊர், நீளக் கொம்பு வைத்த இன்யாம்போ மாடுகளை அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் வளர்க்கிறார்கள், பாலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிற பெருமை நியாயமானதுதான்.

கூடவே சப்பாத்தி, எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரமான மாண்டாஸி, அவித்த முட்டை கிடைக்கும். முட்டைக்கு அகபங்கா கேளுங்கள், சின்னச் சொட்டுக் குப்பியில் வருகிற மிளகாய் எண்ணெய். காரம் சாப்பிட்டு வளர்ந்தவர்களும் இரண்டு சொட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இஞ்சி போட்ட பால் தேநீரும் பிரமாதமாக இருக்கும், அதை ஃபிளாஸ்க்கில் வைத்துவிடாமல் அப்போதே போட்டுத் தருகிறார் கடைக்கார அம்மா.

இனி மனிதர்களுக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே இவர்களுக்காகத்தான். என்னுடைய வேலை தொடக்கப் பள்ளி ஆசிரியர்களோடு கணக்குப் பாடம் தயாரிப்பது. 2008-ல் பாடமொழியை ஆங்கிலமாக மாற்ற அரசு முடிவெடுத்தது. அதுவரை பிரெஞ்சில் படித்து பிரெஞ்சிலேயே பாடம் நடத்தியவர்கள் திடீரென்று ஆங்கிலத்தில் பின்னம் சொல்லித்தர வேண்டி வந்தது. பள்ளியில் எனக்கும் ஒரு மூத்த ஆசிரியருக்கும் நடுவே அந்த ஆங்கிலம் ஒரு சுவராக நின்றது. அவர் மரியாதையாகத் தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன், அவ்வளவுதான். அதே மனிதர் இந்தக் கடையில் மாண்டாஸி சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து, அதில் ஒரு வட்டம் போட்டு, சப்பாத்தியை அதன்மேல் வைத்து நான்காகக் கிழித்து, “இப்படித்தானே சொல்ல வந்தீர்கள்?” என்றார். அன்றைக்குப் பாதி கின்யாருவாண்டா, பாதி ஆங்கிலம், நடுநடுவே அவருடைய பிரெஞ்சு என்று நேரம் போனதே தெரியவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் அவர் கிழித்தது காகிதச் சப்பாத்தி, பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

கடைக்கு வெளியே நிழலில் இகிசோரோ ஆட்டம் நடக்கும். நம் பல்லாங்குழியின் உறவுக்காரர் என்றே சொல்லலாம், ஆனால் பெரியது: நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, மொத்தம் 32 குழி, 64 விதைகள். பாட்டியோடு பல்லாங்குழி ஆடிய பழக்கத்தில் விதைகளை விரலிலிருந்து நழுவவிட்டபோது, எதிரே இருந்த மோட்டோ (பைக் டாக்ஸி) ஓட்டும் பையன் நிமிர்ந்து பார்த்தான். விதைக்கத் தெரிந்தவன் என்று அந்தக் கணமே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எதிராளியிடமிருந்து பிடித்த விதைகளை இங்கே வெளியே எடுத்து வைப்பதில்லை, நம் பக்கத்துக் குழிகளிலேயே மறுபடி விதைக்க வேண்டும், அதனால் கைவிட்ட ஆட்டம் என்று நினைத்தது ஒரே சுற்றில் திரும்பிவிடும். அந்தப் பையன்தான் பிறகு மழைக்காலத்தில் மலைச்சரிவுப் பள்ளிகளுக்கு என்னைக் கூட்டிப்போனவன், சேற்றில் எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலை உமுகாண்டா, ஊரே சேர்ந்து சாக்கடை வெட்டும், பாதை போடும், மரம் நடும். கடைகள் எதுவும் திறந்திருக்காது. மண்வெட்டியோடு நீங்களும் போய்விடுங்கள், அலுவலகக் கூட்டத்தில் தெரிந்துகொள்ள முடியாத அண்டை வீட்டார் எல்லாரும் அங்கே இருப்பார்கள். வேலை முடிந்து பதினொரு மணிக்கு மேல் மண் படிந்த கால்களோடு இந்தக் கடையில் குடிக்கிற குளிர்ந்த இகிவுகுத்தோவுக்கு எந்த மதிப்பெண்ணும் போதாது.

ஏப்ரல் மாதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 7-ஆம் தேதி தொடங்கி 1994 இனப்படுகொலையின் நினைவு வாரம். கொண்டாட்டம், பாட்டு எதுவும் கிடையாது, நினைவுக் கூட்டங்களுக்காகக் கடையும் மூடப்படும். அந்த நாட்களில் என்று இல்லை, எந்த நாளிலும் யாரிடமும் உங்கள் குடும்பத்துக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொன்னவர் ஒருவர் உண்டு, பழகி நெடுநாள் கழித்து, இதே பெஞ்சில். அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை, நம்பிச் சொன்னார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

குறைகள் உண்டு. சாயங்காலம் தாமதமாகப் போனால் இகிவுகுத்தோ தீர்ந்திருக்கும், கேனின் அடியில் மிஞ்சியது புளித்திருக்கும். மின்சாரம் போனால் குளிர்ச்சி போய்விடும். இருக்கிற பெஞ்சுகள் போதவில்லை. காய்கறி எதுவும் கிடைக்காது, மதியச் சாப்பாட்டுக்கு இதை நம்ப வேண்டாம். புளித்த பால் பழக்கம் இல்லாதவர்கள் முதல் நாள் அரைக் குவளையோடு நிறுத்துங்கள்.

வார இறுதி ஆனால் கிகாலிக்கு ஓடி மற்ற வெளிநாட்டுத் தன்னார்வலர்களோடு மட்டும் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டு நினைப்பு வரும்போது அது தேவைதான், நானும் போவேன், கடுகும் பெருங்காயமும் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் எல்லா வாரமும் போனால் நியான்சா உங்களுக்கு வேலை பார்க்கிற இடமாக மட்டுமே இருந்துவிடும். அந்தக் கடுகைத் தாளித்து இகிவுகுத்தோவில் தயிர்சாதம் பிசைந்து கடைக்கே கொண்டுபோனேன். பாலில் உப்பா என்று அம்மா முகத்தைச் சுளித்தார், அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டார், இப்போது பண்டிகை வந்தால் எப்போது கொண்டுவருவாய் என்று அவரே கேட்கிறார்.

விலை ஒரு குவளை சில நூறு பிராங்க், தன்னார்வலர் படியில் தாராளமாகத் தாங்கும். மொபைல் பணம் வாங்குகிறார்கள், சில்லறை இருந்தால் இன்னும் சந்தோஷப்படுவார்கள். பார்சல் வேண்டுமானால் மூடி போட்ட பாத்திரம் எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் பைக்கு இந்த நாட்டில் 2008 முதல் தடை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள்.