எண்டோதீலின்-1 குப்பி: பொருள் நல்லது, அனுப்பிய விதம் மோசம்

எலிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்வது என் வேலை. அதற்காக வாங்கியது, இரத்தக்குழாய்களை இறுக்கும் எண்டோதீலின்-1 அடங்கிய இந்த 0.1 மில்லிகிராம் குப்பி. விற்றவர்களின் பெயர் வேண்டாம். பெட்டியைத் திறந்தபோது பனிக்கட்டிப் பைகளில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. புகார் சொன்னேன். "உறையவைத்து உலர்த்திய பொடிதானே, ஒன்றும் ஆகாது" என்றார்கள். ஆகவில்லைதான், எரிச்சல் மட்டும் தீரவில்லை.

பொடி கண்ணுக்கே தெரியாது. காலிக் குப்பி என்று எறிந்துவிடாதீர்கள். நான் எறியப் பார்த்தேன். மூடியைத் திறக்குமுன் மையவிலக்கியில் ஒரு சுற்று விடுங்கள். கரைத்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள்.

21 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி இது. 1988இல் ஜப்பானில் யானகிசாவா குழுவினர் பன்றியின் இரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களிலிருந்து கண்டெடுத்தது. பாம்பு நஞ்சிலுள்ள சாராஃபோடாக்சினுக்கு நெருங்கிய உறவு, இரத்தக்குழாயை இறுக்கும் குணமும் அப்படித்தான். மூளையில் நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸில் துளியளவு செலுத்தினோம். குழாய்கள் இறுகி, அந்த இடம் இரத்தமின்றித் தவித்தது. குட்டி எலியின் பதிவில் கூர்முனைகள் கொத்துக்கொத்தாக எழுந்தன, பிறகு வலிப்பு. ஆனால் நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களிலும் இதன் ஏற்பிகள் (இது வந்து ஒட்டிச் செயல்படும் புரதங்கள்) உண்டு. ஆகவே பழி முழுவதையும் இரத்தக் குறைவின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. ஏ வகை, பி வகை ஏற்பிகளைத் தனித்தனியே தடுத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். குறைத்த ஒன்றரையும் அந்தத் தண்ணீருக்காக. அடுத்த குப்பியைத் திங்கட்கிழமை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வார இறுதியில் கிடங்கில் கிடக்காது.