இரண்டு நாளுக்கு எது: பிராக்கா, வியன்னாவா, புடாபெஸ்டா?

மத்திய ஐரோப்பாவில் இரண்டு நாள் கையில் இருக்கிறது, எந்தத் தலைநகரில் இறங்கலாம் என்று கேட்டால் "மூன்றுமே அழகுதான்" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு டிக்கெட் போட முடியாது. மூன்றும் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியில் இருந்த ஊர்கள், மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா. பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் 4 மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்டுக்கு இரண்டரை மணிக்குக் கொஞ்சம் மேல். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஊரின் சிறப்பு தெருவிலேயே கண்ணில் படுகிறதா, வரிசையில் நின்று உள்ளே போனால்தான் கிடைக்குமா?

இந்தக் கணக்கில் வியன்னா முதலிலேயே அடிபடுகிறது. 1857-ல் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் நகர மதிலை இடிக்கச் சொன்ன இடத்தில் வந்ததுதான் ரிங் சாலை. 1, 2 என்ற இரண்டு டிராம்களை மாற்றிப் பிடித்தால் அரை மணி நேரத்தில் பெரிய கட்டடங்களின் முகப்பையெல்லாம் பார்த்துவிடலாம். முகப்போடு திரும்புவதற்கு வியன்னா எதற்கு? ஓவியர் கிளிம்ட்டின் படங்கள் பெல்வடேர் அரண்மனை அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன. ஷோன்புருன் அரண்மனையில் அறைகள் மட்டும் 1,441. பார்க்க விடுவது சிறு பகுதி, அதற்கே அரை நாள் போய்விடும். இசைப் பிரியர்களுக்கு மட்டும் நான் விலக்கு தருவேன். ஸ்டேட் ஆப்பராவில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு. உள்ளே போனதும் கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டிவிட்டு வெளியே உலாவப் போகிறார்கள். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது போலத்தான். அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை.

பிராக் இதற்கு நேர் எதிர். இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர், தெருவே காட்சி. சார்லஸ் பாலம் 1357-ல் தொடங்கியது. 516 மீட்டர் நீளம், இருபுறமும் 30 சிலைகள், கட்டணம் இல்லை. கோட்டைக்கு 22-ம் எண் டிராமில் ஏறிப் போய், நடந்து இறங்குவதுதான் புத்திசாலித்தனம். உள்ளே இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தை 1344-ல் தொடங்கி 1929-ல்தான் முடித்தார்கள்.

சிக்கல் கூட்டம். பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும் நேரம் நெருங்கினால் நூற்றுக்கணக்கான கைகள் போனோடு மேலே போகும். கடிகாரத்தில் உள்ள எலும்புக்கூடு பொம்மை மணியை இழுக்கும், மேலே ஜன்னல் திறந்து இயேசுவின் சீடர்களின் சிலைகள் வரிசையாகப் போகும், சேவல் கூவும். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பிக்பாக்கெட்காரர்களுக்கு மட்டும் அது நல்ல நேரம். விடியற்காலையில் எழுந்து பாலத்துக்குப் போகிறவர்களுக்கு பிராக் அற்புதம். ஹோட்டல் காலை உணவை முடித்துக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் பார்க்கப்போவது முதுகுகளைத்தான்.

அதனால் என் ஓட்டு புடாபெஸ்டுக்கு. இடைக்காலத் தெருக்கள் வேண்டுமென்றால் பிராக்தான். இங்கே பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டு. பூடா, ஓபுடா, பெஸ்ட் மூன்றும் சேர்ந்து ஒரே நகரமானதே 1873-ல். 1849-ல் திறந்த சங்கிலிப் பாலத்தைப் போரில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் தகர்த்தார்கள், சரியாக நூறாவது ஆண்டில் மறுபடி திறந்தார்கள். ஆனால் இங்கே எல்லாவற்றையும் டான்யூப் நதி ஒரே சட்டத்தில் காட்டிவிடுகிறது. பெஸ்ட் கரையில் 2-ம் எண் டிராமில் உட்கார்ந்தால் எதிரே பூடா அரண்மனை. வழியில் நாடாளுமன்றத்தை ஒட்டியே போகும். அதன் குவிமாடம் 96 மீட்டர். ஹங்கேரியர்கள் வந்து குடியேறிய 896-ம் ஆண்டின் நினைவாக அந்த எண். இருட்டிய பிறகு இதே டிராமில் இன்னொரு முறை போங்கள், விளக்கு வெளிச்சத்தில் வேறு ஊர். கோடையில் அதற்கு ஒன்பது மணி தாண்டும் வரை காத்திருக்க வேண்டும்.

மறுநாளைக்கு செச்சேனி வெந்நீர்க் குளியல். 1896-ல் ஓடத் தொடங்கிய குட்டி மஞ்சள் மெட்ரோ வாசலிலேயே இறக்கிவிடும். ஆவி பறக்கும் திறந்தவெளிக் குளத்தில், மார்பளவு தண்ணீரில் நின்றபடி பெரியவர்கள் செஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். நீச்சலுடை கட்டாயம், சுடிதாரோடு இறங்க முடியாது.

அப்பா அம்மாவோடு போகிறவர்கள் முழங்காலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிராக்கில் கருங்கல் பாவிய ஏற்ற இறக்கம், பெஸ்ட் பக்கம் சமதரை. சைவத்துக்கு மூன்று ஊரிலும் பாலாடைக்கட்டிதான் கதி: பிராக்கில் பொரித்தது, வியன்னாவில் மாவுருண்டையோடு, புடாபெஸ்டில் லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி மேல் துருவியது. யூரோ வியன்னாவில் மட்டும். மற்ற இரண்டில் கொருனாவும் ஃபோரிண்டும். "கமிஷன் இல்லை" என்று எழுதிப் போட்டிருக்கும் பணம் மாற்றும் கடைகளில் விலையை நன்றாகப் பாருங்கள், கமிஷன் அதற்குள்ளேயே இருக்கும். கார்டு பெரும்பாலான இடங்களில் செல்லும்.

ஜனவரிக் குளிரில் போவதாக இருந்தால் மட்டும் என் வரிசையை மாற்றிக்கொள்வேன். நாலரை மணிக்கே இருட்டும் அந்த நாட்களில் அருங்காட்சியகங்களும், தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரோடு காபி கொடுத்து மணிக்கணக்கில் உட்காரவிடும் காபி கடைகளும் உள்ள வியன்னாதான் வசதி.