ரப்பர் மர மேடையின் மூலை இணைப்பு: பட்டையா, பசையா, போல்ட்டா?

எட்டடிக்கு நாலடி ரப்பர் மரப் பலகை ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டடி அகலத்தில் இரண்டு சமையலறை மேடைத் துண்டுகள் கிடைத்துவிடும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்தில் இதைவிடக் கைக்கெட்டும் பலகை இல்லை. பால் வற்றிப்போய் மறுநடவுக்காக வெட்டிய மரம்தான் துண்டு துண்டாக ஒட்டப்பட்டுப் பலகையாக வருகிறது. சிக்கல் எல்லாம் எல் வடிவ மேடையின் மூலையில் தொடங்கும். ரூட்டரும் (மரத்தைக் குடைந்து வெட்டும் மின்கருவி) அதற்கான அச்சும் உள்ள பட்டறை அந்த மூலையை அரை மணியில் வெட்டித் தந்துவிடும். அவை இல்லாமல் கைவாள், இழைப்புளி, உளி, மூலைமட்டம், வீட்டு டிரில் ஆகியவற்றோடு நிற்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: மேலே அலுமினியப் பட்டை, 45 பாகைச் சாய்வெட்டு, பசையும் மர ஆணியும், அடியில் கட்டையும் போல்ட்டும். இந்த அலசல் நாலாவதன் பக்கம் சாய்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

கிரானைட்டையும் மைக்கா ஒட்டிய பிளைவுட்டையும் இதில் சேர்க்கவில்லை. கல் மழைக்கு ஊதாது, பிளைவுட்டும் குறுக்கே ஏறக்குறைய அசையாது. அவற்றை எப்பாக்ஸி வைத்து ஒட்டிவிட்டு மறந்துவிடலாம். பேச்சு முழுவதும் திட மரத்தைப் பற்றியதே.

அலுமினியப் பட்டை சுலபம். இரும்பறுக்கும் வாளால் நீளத்துக்கு வெட்டி, ஒரு பலகையின் தலையில் (குறுக்கே அறுத்த முனையில்) திருகி, மற்றதை அதன் மேல் முட்டவைத்தால் வேலை முடிந்தது. வெட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோணினாலும் பட்டை மறைத்துக்கொள்ளும், அதனால்தான் பலருக்குப் பிடிக்கிறது. ஆனால் பட்டையின் விளிம்பு மேடையைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். தேங்காய்த் துருவலும் மரச்சீனித் தோல் துணுக்கும் அங்கேதான் தங்கும், பின்னாலேயே எறும்பு வரும். புளியும் உப்பும் பட்ட அலுமினியம் கறுத்துக் குழி விழும். ஆனோடைஸ் செய்த பட்டை கொஞ்சம் தாங்கும். வாடகை வீடு, அவசர வேலை, வெட்டு நேராக வராத கை என்றால் இதுவே போதும்.

சாய்வெட்டு கண்ணுக்கு அழகு. ஆனால் 600 மி.மீ. அகலப் பலகையில் 45 பாகைக் கோடு 849 மி.மீ. நீளம் வரும். அத்தனை நீளத்தைக் கைவாளால் நேராக இறக்கி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இழைத்து முடிப்பது தேர்ந்த ஆசாரிக்கே ஒரு நாள் வேலை. முடித்த பிறகும் அது அப்படியே நிற்காது. மரம் அகலத்தில் ஊதினால் வெட்டின் கோணமே மாறும்: மழையில் சுவர்ப்பக்க முனை விரியும், வெயிலில் நீங்கள் நிற்கும் உள்மூலை விரியும். மாசி, பங்குனியில் கண்ணுக்கு நேராக ஒரு பிளவு தெரியும் என்று தெரிந்தே செய்ய வேண்டிய வேலை இது.

பசையும் மர ஆணியும் கொடுக்கும் பலத்தை மற்ற எதுவும் கொடுக்காது. ஆனால் இந்த மூலையில் கெடுப்பதே அந்தப் பலம்தான். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அசைவெல்லாம் குறுக்கே. எல் மூலையில் சுவரோடு போய் மூலையைத் தொடும் துண்டைத் தாய்ப்பலகை என்றும், அதன் முன்விளிம்பில் வந்து முட்டுவதைச் சேர்பலகை என்றும் வைத்துக்கொள்வோம். தாய்ப்பலகையின் முன்விளிம்பு நீளவாக்கு, அது அப்படியே கிடக்கும். அதில் முட்டும் சேர்பலகையின் தலை 600 மி.மீ. அகலமுள்ளது, அது விரியும், சுருங்கும். பலகைக்குள் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் ரப்பர் மரம் அந்த அகலத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. அசையும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் இரண்டு முறை நனைத்து, நடுவில் வெயில் காயும் இந்த மண்ணில் அந்த வித்தியாசம் வராமல் இருக்காது. பசை 3 மி.மீ. வழுக்கிக் கொடுக்காது. ஒன்று ஒட்டு விடும், அல்லது சேர்பலகையின் தலையில் நீளவாக்கில் வெடிப்பு ஓடும். வெடித்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

ரப்பர் மரத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் அறுத்தவுடன் போரான் மருந்தை அழுத்தி ஏற்றித்தான் பலகை செய்கிறார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையக்கூடியது. இணைப்பில் தண்ணீர் இறங்கி நின்றுகொண்டே இருந்தால் மருந்து கசிந்துபோய் நீலக்கறை தலைகாட்டும். ஆகவே எந்த இணைப்பானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் பிரித்து, காயவைத்து, திரும்பப் பூட்ட முடியுமா? பட்டையைப் பாதி மனதோடு பிரிக்கலாம். பசையைப் பிரிக்கவே முடியாது. போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் போதும்.

இனி போல்ட் வேலை. கடையில் கிடைக்கும் மேடை போல்ட்டுக்குப் பலகையின் அடியில் குழி தோண்ட வேண்டும், 25 மி.மீ. பலகையில் அது ஆபத்து. குழியே வேண்டாம். தேக்கோ ஐனியோ, காய்ந்த கெட்டி மரத்தில் 75 மி.மீ. நீளம், 40 அகலம், 40 உயரத்தில் ஆறு கட்டைகள் போதும். எம் 8 அளவில் (8 மி.மீ. தடிமன்) 120 மி.மீ. அறுகோணத் தலைப் போல்ட் மூன்று, 24 மி.மீ. அகலமுள்ள பெரிய வாஷர் ஆறு, 13 மி.மீ. ஸ்பேனர் இரண்டு, 60 மி.மீ. திருகு பன்னிரண்டு.

முதலில் சேர்பலகையின் தலை. தாய்ப்பலகையின் முன்விளிம்பு ஆலையில் நேராக வந்தது, அதைத் தொட வேண்டாம். சேர்பலகையில் மூலைமட்டம் வைத்து, பென்சிலுக்குப் பதில் கத்தியால் கோடு கிழித்து, கோட்டுக்கு வெளியே ஒன்றரை மி.மீ. விட்டு, அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பல் உள்ள வாளால் அறுக்க வேண்டும். அறுப்பு முடியும் விளிம்பில் ஒரு வீண்கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கவில்லை என்றால் கடைசி இழுப்பில் சிம்பு பெயர்ந்துவிடும். பிறகு இழைப்புளியை இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி ஓட்டிக் கோட்டைத் தொட வேண்டும். தாய்ப்பலகையின் விளிம்பில் கலர் சாக்பீஸ் தேய்த்து, சேர்பலகையை முட்டிப் பார்த்தால் சாக்பீஸ் ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் இழைக்க வேண்டும். நாலைந்து முறை முட்டிப் பார்ப்பது சாதாரணம். மேலே 5 மி.மீ. விட்டு, அதற்குக் கீழே அரை மி.மீ. உள்வாங்கலாக இழைத்துவிட்டால் மேல்கோடு இறுக்கமாக மூடும்.

அந்தத் தலைக்குக் குறைந்தது மூன்று பூச்சு பாலியூரித்தேன், பூட்டுவதற்கு முன்பே. மேலும் கீழும் மட்டும் பூசித் தலையை விட்டுவிடுவதே பெரும்பாலான மேடைகள் கெட்டுப்போகக் காரணம். தண்ணீரைக் குடிப்பது அந்தத் தலைதான்.

கட்டைகளை இணைப்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி, எதிரெதிரே மூன்று ஜோடியாகப் பலகையின் அடியில் திருக வேண்டும். சேர்பலகையின் முன்விளிம்பிலிருந்து அளந்தால் 70, 305, 540 மி.மீ. 40 மி.மீ. கட்டை வழியே இறங்கும் 60 மி.மீ. திருகு 25 மி.மீ. பலகையில் 20 மி.மீ. ஏறும், மிச்சம் 5 மி.மீ. மட்டுமே. திருகின் தலையை அமிழ்த்தத் துளை போட்டால் நுனி மேலே எட்டிப் பார்த்துவிடும். போல்ட் துளை பலகையிலிருந்து 18 மி.மீ. கீழே. இதைவிட மேலே போனால் ஸ்பேனர் நுழையாது. கீழே போனால் போல்ட் இறுக இறுக இணைப்பு மேலே கூனும். முன்கட்டை ஜோடியில் எட்டரை மி.மீ. துளை, பின்னால் உள்ள இரண்டு ஜோடியிலும் 12 மி.மீ. துளை. இந்தப் பெரிய துளைதான் முழு வேலையின் சூட்சுமம்: முன்பக்கம் கோடு நகராமல் நிற்கும், பின்பக்கம் மரம் வேண்டிய அளவு நகர்ந்துகொள்ளும்.

இரண்டு மேற்பரப்பும் சமமாக நிற்க, கட்டை ஜோடிகளுக்கு இடையில் 150 மி.மீ. நீளத்தில் 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளை இணைப்புக்குக் கீழே தாய்ப்பலகையில் மட்டும் திருகினால், சேர்பலகை அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். பலகைகளின் கனத்தில் சிறு வித்தியாசம் இருந்தால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கிச் செருகலாம்.

பசைக்குப் பதில் சிலிக்கான். கடையில் இரண்டு வகை உண்டு. வினிகர் வாடை அடிப்பது இரும்பு போல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும், ஆகவே நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பூஞ்சை தடுப்பு சேர்ந்தது என்றால் இன்னும் நல்லது. இணைப்பின் இரு ஓரமும் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, தலையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் 3 மி.மீ. கயிறு போல ஒரே ஓட்டமாக விட்டால் போதும். ஒரு குழாயில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது. முன்போல்ட்டை நன்றாக இறுக்கி, பின்போல்ட்டுகளை விரலால் இறுகும் வரை திருகி, மேலும் அரைச் சுற்று மட்டும் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, பிதுங்கியதை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, காயும் முன்பே டேப்பை உரிக்க வேண்டும். முழுப் பூச்சும் முடிந்த பிறகே சிலிக்கான். அது பட்ட இடத்தில் அப்புறம் எந்தப் பூச்சும் பிடிக்காது.

சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி விட்டு, டைல் அல்லது மரச்சட்டத்தால் மறைக்க வேண்டும். தாய்ப்பலகையை முன்பக்கம் கீழுள்ள அலமாரிப் பெட்டியோடு கெட்டியாகத் திருகி, பின்பக்கம் நீள்துளைத் தகட்டால் பிடித்தால் அது சுவர்ப்பக்கம் விரியும். தலைகீழாகச் செய்தால் தாய்ப்பலகை விரியும்போது சேர்பலகையைத் தள்ளும், கடைசியில் வாசல் பக்கத் துண்டு பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். அடுப்பு வெட்டோ சிங்க் வெட்டோ இணைப்பிலிருந்து குறைந்தது 300 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால், சிலிக்கான் கோடு கறுக்கவோ ஓரம் விடவோ தொடங்கும்போது கத்தியால் அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக விடலாம். அது எத்தனை வருடத்தில் வரும் என்பது புழங்கும் கையைப் பொறுத்தது. இரண்டு வருடமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். கோடு போட்ட வீட்டில் மழை முடிந்ததும் ஒருமுறை அடியில் கைவிட்டுப் பார்த்தால் போதும். ஈரம் தட்டினால் சிலிக்கானை அறுத்து, போல்ட்டைக் கழற்றி, பலகையை இரண்டு விரல் அகலம் நகர்த்தி, காயவைத்து, தலையில் சிலிக்கான் படாத இடத்துக்கு இன்னொரு பூச்சு கொடுத்துத் திரும்பப் பூட்டலாம். போல்ட் நட்டில் துளி எண்ணெய் தடவி வைத்தால் கடற்காற்றுக்கும் கைகொடுக்கும்.

இந்த முறை ஒரு வீட்டில் நடக்காது: பெட்டிக்குப் பதில் கான்கிரீட் பலகையோ கடப்பாக் கல்லோ போட்டு அதன் மேல் மரத்தை விரிக்கும் வீடு. கட்டைக்கு அங்கே இடமே இல்லை. அங்கே அலுமினியப் பட்டைதான். அல்லது இணைப்பையே தவிர்க்கலாம்: உயரமான பாத்திரத்தில் கிண்டுவதற்கு வசதியாக அடுப்பு நிற்கும் பக்கத்தை நாலைந்து அங்குலம் தாழ்த்திக் கட்டினால் இரண்டு பலகையும் தனித்தனி, மூலையில் முட்ட எதுவும் இல்லை. தாழ்ந்த பலகை தொடங்கும் இடத்தில், உயர்ந்த பலகையின் அடியில் ஒரு அங்குலப் பட்டிச்சட்டம் அடித்துவிட்டால் வழியும் தண்ணீர் பெட்டிக்குள் இறங்காது.